துப்பாக்கி சுடும் பயிற்சித் தளங்களும் அருகிலுள்ள ஊர்களும்

திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுப் பகுதிகளில் காவல்துறையினரும் பாதுகாப்புப் படையினரும் துப்பாக்கி சுடும் பயிற்சி பெறும் தளங்கள் உள்ளன. மணப்பாறை அருகே அணியாப்பூர் வீரமலைப்பாளையத்தில் ஒன்றும், புதுக்கோட்டை சாலையில் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் மற்றொன்றும் அவற்றுள் அறியப்பட்டவை. குன்று இயற்கையான தடுப்புச் சுவராகும் என்பதே இத்தகைய இடங்களைத் தேர்வதற்குக் காரணம். ஆனால் பாறையில் பட்ட குண்டு திசைமாறித் தெறிக்கக்கூடும். இலக்குக்கு மேலே சென்ற குண்டோ குன்றையும் தாண்டிவிடும்.

2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைத் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினரும் காவலர்களும் பயிற்சி செய்தபோது, தளத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கி.மீ. தொலைவில் தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்த அச்சிறுவன் 2022 சனவரி 3 அன்று இறந்தான். தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. குடும்பத்துக்கு அரசு நிதியுதவி அறிவித்தது.

இரண்டு கி.மீ. என்பது வியப்புக்குரியதன்று. இன்சாஸ் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடக்கூடிய தொலைவு சுமார் 400 மீட்டர்தான். ஆனால் அதன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்படுவதால், தடையின்றி மேல்நோக்கிச் சென்றால் பல மடங்கு தொலைவு கடந்தே விழும். பயிற்சி நாள்களில் தளப் பகுதிக்குள் ஆள்களும் மேய்ச்சல் கால்நடைகளும் வர வேண்டாம் என்று மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். அந்த எச்சரிக்கை தளத்துக்குள் நுழைவோருக்கானது. தன் வீட்டில் இருப்பவரை அது காப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு ஈயத்தால் வருகிறது. பெரும்பாலான குண்டுகளின் உட்பகுதி ஈயம். ஆண்டுக்கணக்கில் ஒரே மண்மேட்டில் சுடும்போது ஈயத் துணுக்குகள் அங்கே சேர்ந்துவிடும். மண் அமிலத்தன்மை உடையதாக இருந்தால், அவை மெல்லக் கரைந்து மழைநீருடன் ஓடைக்கும் குளத்துக்கும் செல்லலாம். அங்கு மேயும் மாடுகள் ஈயத்தை உட்கொள்ளவும் வாய்ப்புண்டு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் இந்த உலோகத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மண்மேட்டை அவ்வப்போது சலித்து ஈயத்தைப் பிரித்தெடுப்பதும், மண்ணில் சுண்ணாம்பு கலப்பதும் கடினமான பணிகளல்ல. ஊர்க் கிணற்று நீரைச் சோதிப்பது அதைவிட எளிது.

பீரங்கிப் பயிற்சித் தளங்களில் ஆபத்து இன்னும் பெரிது. பீகார் மாநிலம் கயா மாவட்டத்தில் 2023 மார்ச் 8 அன்று, பயிற்சித் தளத்துக்கு வெளியே விழுந்த குண்டால் ஒரே குடும்பத்தினர் மூவர் இறந்தனர். வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளைப் பழைய இரும்பு என்று எடுத்து உயிரிழப்போரும் உண்டு. சார்க்கண்டின் நேதர்காட் பகுதியில் பழங்குடி மக்கள் சுமார் முப்பது ஆண்டுகள் போராடிய பின், 2022-இல் மாநில அரசு பயிற்சித் தளத்துக்கான அனுமதியை நீட்டிக்க மறுத்தது.

படைப்பயிற்சி, களச் சுடுதல் தொடர்பான 1938ஆம் ஆண்டுச் சட்டம், முன்னறிவிப்பையும் பயிற்சியால் ஆள்களுக்கும் உடைமைக்கும் நேரும் சேதத்துக்கு இழப்பீட்டையும் வலியுறுத்துகிறது. ஈயம் கலந்த கிணற்று நீரோ உடனே கண்ணில் படும் சேதமன்று. அதற்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால், யாராவது முதலில் அந்த நீரைச் சோதித்திருக்க வேண்டும்.