மாட்டின் தோல் வெடித்து உரிகிறதா? கல்லீரலைக் கவனியுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கிலும் மேகமலை அடிவாரத்திலும் மாடு மேய்க்கும் விவசாயிகளே, கோடையில் உண்ணிச்செடி மீது ஒரு கண் வையுங்கள். புல் காய்ந்துவிட்டால் பசியில் மாடுகள் அதைக் கடிக்கும். இலையில் உள்ள லாந்தடீன் என்ற நச்சு கல்லீரலைக் கெடுத்து, பித்தநீர் வெளியேறுவதைத் தடுத்துவிடும். பச்சைத் தீவனம் செரிக்கும்போது உண்டாகும் ஒரு நிறமி, பித்தநீரோடு வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும். அதன் பிறகு வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும்.

அறிகுறிகள்:

* தீவனம் எடுக்காது, சாணம் இறுகும்.
* கண், ஈறு மஞ்சளாகும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும்.
* மூக்கு, காது, மடி, வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் சிவந்து, வெடித்து உரியும். கறுப்புத் தோலில் இது அவ்வளவாகத் தெரியாது. கண்ணையும் ஈறையும் பாருங்கள்.

செய்ய வேண்டியவை:

* மாட்டை உடனே நிழலில் கட்டுங்கள். தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள்.
* வெயில் புண் என்று நினைத்துக் களிம்பு மட்டும் தடவி நாளைக் கடத்தாதீர்கள். தின்ற இலை வயிற்றில் தங்கி, நச்சு தொடர்ந்து உடலில் சேரும்.
* கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 கால்நடை அவசர ஊர்திக்கும் பேசலாம்.

ஆடுகளையும் இது தாக்கும். மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் கொஞ்சம் சோளத்தட்டை போட்டு அனுப்புங்கள். வயிறு நிறைந்த மாடு உண்ணிச்செடியை எளிதில் தொடாது.