பிஸ்டலில் 'ரெட் டாட்' சைட்... ஸ்லைடை வெட்டணுமா, பிளேட் போதுமா? - முழு விளக்கம்

இந்திய ராணுவமும் டி.ஆர்.டி.ஓ-வும் சேர்ந்து உருவாக்கிய 'அஸ்மி' 9 எம்.எம். மெஷின் பிஸ்டல், 2021 ஜனவரியில் அறிமுகமானது. அதன் மேல்பக்கம் நீளமான ரெயில் உண்டு. குறிபார்க்கும் கருவியை அதில் மாட்டிவிடலாம். ஆனால் கையடக்க பிஸ்டலில் அந்த இடம் கிடையாது. அப்போ ரெட் டாட் சைட்டை எங்கே பொருத்துவது?

ரெட் டாட் என்றால் என்ன?

சாதாரண பிஸ்டலில் பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். ரெட் டாட்டில் அந்த வேலை இல்லை. சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு, சிவப்புப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். பார்வை இலக்கின் மீதே இருக்கலாம். உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டாது.

பிஸ்டலில் என்ன சிக்கல்?

ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே இருக்கும் ஸ்லைடு வேகமாகப் பின்னால் போய்த் திரும்பும். அதோடு சைட்டும் குலுங்கும். ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் புள்ளி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம்தான்.

மூன்று வழிகள்

* ஸ்லைடை வெட்டுவது: சைட்டின் அளவுக்கே பள்ளம் வெட்டி நேரடியாகப் பொருத்துவது. தாழ்வாக, உறுதியாக உட்காரும். ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வேறு அமைப்புள்ள சைட்டுக்கு மாறுவதும் கஷ்டம்.

* அடாப்டர் பிளேட்: க்ளாக் நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த எம்.ஓ.எஸ். மாடல்கள் போல, கம்பெனியிலேயே பள்ளத்தோடு வரும் பிஸ்டல்களுக்கானது. பிளேட்டை மாற்றினால் சைட்டையும் மாற்றலாம். ஆனால் உயரமும் ஸ்க்ரூவும் கூடும்.

* பின் சைட் இடத்தில் மாட்டுவது: வெட்ட வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆனால் உயரமாக நிற்கும். பழைய பின் சைட்டைக் கழற்ற வேண்டியிருப்பதால், பேட்டரி தீர்ந்தால் கைகொடுக்க ஆள் இல்லை.

எது சரி?

பள்ளத்தோடு வரும் பிஸ்டல் என்றால் பிளேட்தான் நல்ல தொடக்கம். சின்ன பிஸ்டலின் ஸ்லைடு குறுகலானது, அதன் அகலத்துக்கு ஏற்ற சைட்டாகப் பார்க்க வேண்டும். சைட்டைக் கழற்றாமலே பேட்டரி மாற்ற முடியுமா என்பதையும் கவனிக்கணும். கழற்றி மாட்டினால் குறி சரியாக இருக்கிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூவையும் ஸ்லைடையும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போட்டால், தளர்வது பார்த்தவுடன் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியை மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் அதற்கான உரிமம் வேண்டும். பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்து ஸ்லைடை வெட்டினால், பட்டறைக்காரருக்கும் சேர்த்தே சிக்கல்.

துப்பாக்கி உரிமம் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும். கோட்டக்குப்பத்தில் இருந்து கொஞ்ச தூரம் போனாலே புதுச்சேரி. தமிழ்நாட்டுக்கு மட்டுமான உரிமத்தோடு பிஸ்டலை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டக் கூடாது.

ஒலிம்பிக்கில் உண்டா?

இல்லை. சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் மட்டுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் அப்படித்தான். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகளுக்கு ரெட் டாட் வாங்குவது வீண் செலவு.