வீட்டு விலையைச் சொல்லலாம், தலைவலியைச் சொல்லக்கூடாது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்றொரு ஊர். 2020-ல் அங்கே குடியிருப்பை ஒட்டி 115 அடி செல்போன் டவர் ஒன்று இயங்கத் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே தலைவலி, தூக்கமின்மை, குமட்டல் என்று அக்கம்பக்கத்தில் புகார்கள் கிளம்பின. ஊர்ச் சுகாதார வாரியம் காதுகொடுத்துக் கேட்டது. 2022 ஏப்ரலில் டவரை நிறுத்தச் சொல்லி உத்தரவும் போட்டது. டவர் நிறுவனம் மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. சில வாரங்களில் வாரியம் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வாரியத்தின் கையைக் கட்டிப்போட்டது 1996-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். டவர் எங்கே வரலாம் என்று ஊராட்சி முடிவு செய்யலாம், காரணத்தை எழுத்தில் கொடுத்து மறுக்கவும் செய்யலாம். ஆனால் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் வகுத்த கதிர்வீச்சு வரம்புக்குள் டவர் இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்கிறது 704-வது பிரிவு.

அதனால், ஊர்க் கூட்டங்களில் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து வந்த தாய், மைக்கைப் பிடித்ததும் வீட்டு விலை குறையும், மலைக்காட்சி மறையும் என்று பேச வேண்டியிருக்கிறது. கண்ணை உறுத்தாமலிருக்க டவருக்குப் பைன் மர வேடம் போட்டுவிடுகிறார்கள். அவள் பயம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பயம் சரிதானா? டவர் புற்றுநோய் தரும் என்பதற்கு நிரூபணம் இல்லை. தரையில் நிற்பவர் மீது படும் அலை பெரும்பாலும் வரம்பில் சிறு பங்குதான். காதோடு ஒட்டிய போனிலிருந்து வருவது அதைவிட அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் இந்த அலைகளை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்ததும், முக்கியமாகப் போன் பயன்படுத்துவோர் பற்றிய ஆய்வுகளை வைத்துத்தான். கலிஃபோர்னியாவின் ரிப்பன் ஊரில் ஒரே பள்ளியில் 4 பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்தது. வளாகத்து டவர் வரம்புக்குள் இருப்பதாகவே சோதனைகள் காட்டின. ஆனாலும் பெற்றோர் விடவில்லை. 2019-ல் அது நிறுத்தப்பட்டது.

நிரூபணம் இல்லை என்பதால் கேள்வி கேட்கக்கூடாது என்றாகிவிடாது. அந்த வரம்பும் 1996-ல் வகுத்ததுதான். உடல் திசு சூடேறுவதை மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது. மாற்றத் தேவையில்லை என்று ஆணையம் 2019-ல் சொன்னதை, வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் திருப்பி அனுப்பியது. வரம்பு தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை; புற்றுநோய் குறித்த பதிலையும் ஏற்றுக்கொண்டது. குழந்தைகளுக்கு என்ன ஆகும், பல வருடம் அலை பட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் தக்க விளக்கம் எங்கே என்று கேட்டது. நீதிபதிகள் கேட்ட இந்தக் கேள்வியைக் காரணமாக எழுதி ஊராட்சி ஒரு டவரை மறுக்க முடியாது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. இந்தியா 2012-லேயே தன் வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டது. முன்னெச்சரிக்கைக்கு முழு நிரூபணம் வரும்வரை அது காத்திருக்கவில்லை.

பிட்ஸ்ஃபீல்டில் வாரியம் பின்வாங்கியதும், அங்கே குடியிருப்பவர்கள் சிலர் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தங்கள் பேச்சைக் கேட்ட அதே வாரியத்தின் மீது.