கசடு கல்லாகும் முன்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் ஆலைகளின் கழிவுநீர் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேர்கிறது. நீர் தெளிந்த பிறகு அடியில் தங்கும் கசட்டுக்குத்தான் போக்கிடம் இல்லை. சட்டப்படி அது அபாயகரக் கழிவு. அதைத் தேக்கி வைப்பதன் விலையை 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பார்த்தோம்: நள்ளிரவில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிய தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். எனவே, கசட்டைச் சிமெண்டில் கலந்து ஹாலோ பிளாக்காகவும் பேவர் பிளாக்காகவும் வார்த்துவிடலாம் என்ற யோசனை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆனால் தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை ஆலைக்குள்ளேயே பிரித்தெடுக்காமல் அப்படிச் செய்தால், ஆலை சுமக்க வேண்டிய பொறுப்பு வீடு கட்டுகிறவர் தலையில் போய் இறங்கும் என்பதே என் வாதம்.

எல்லாக் கசடும் ஒன்றல்ல. குடிநீர் நிலையங்களில் படிகாரம் போட்டு நீரைத் தெளியவைக்கும்போது கிடைக்கும் கசடு பெரும்பாலும் களிமண்ணும் அலுமினியச் சேர்மங்களும்தான். அதைக் கான்கிரீட்டில் சேர்க்கும் ஆய்வுகள் ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றை ஊக்குவிக்க வேண்டும். தோல் கசடு வேறு ரகம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்த இடத்தைக் குரோமிய உப்பு பிடித்த பிறகு, பதனிடும் டிரம்மில் போடும் குரோமியத்தில் கணிசமான பகுதி தோலில் ஏறாமல் தண்ணீரோடு வெளியேறுகிறது. அது மூன்று இணைதிறன் கொண்ட வடிவம். நச்சு குறைவு, எளிதில் கரையாது. அதே குரோமியம் ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறினால் நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய்க்கும் காரணமாகும். சிக்கல் இங்கேதான் முடிச்சுப் போடுகிறது. கசட்டில் உள்ள கரிமப் பொருள் சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்கும்; அதைப் போக்க எரிக்க வேண்டும். சுண்ணாம்பு நிறைந்த அந்தக் கசட்டைத் தாராளமான காற்றில் சுட்டாலோ குரோமியம் கெட்ட வடிவத்துக்கு மாறுகிறது. செங்கல் சூளைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் குறைந்த காற்றில் எரித்து, பிறகு சிமெண்டில் கட்டிவைக்கும் வழியைச் சோதித்திருக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் காற்றின் அளவையும் வெப்பத்தையும் ஒவ்வொரு முறையும் பிசகாமல் காக்க வேண்டும். சிறு பட்டறைகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலை இல்லை அது.

கசிவுச் சோதனையில் தேறினால் போதாதா என்று கேட்பார்கள். அந்தச் சோதனையின் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம் குரோமியம். இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிப்பதோ 0.05 மில்லிகிராம், நூறில் ஒரு பங்கு. குப்பைக் குழியில் கொட்டும் கழிவுக்கென்று வகுத்த அளவை, மழையில் நனைந்து தேயும் நடைபாதைக்கு அப்படியே பொருத்துவது தவறு. சிமெண்டின் காரத்தன்மை குரோமியத்தைப் பிடித்துவைக்கும் என்பது உண்மையே. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் பட்டு அந்தக் காரம் ஆண்டுகள் போகப் போகக் குறையும். சுவரை இடிப்பார்கள், துளைபோடுவார்கள், தூளாக்கிப் பள்ளத்தில் கொட்டுவார்கள். அப்போது அது எந்த ஆலையின் கசடு என்று யாருக்குத் தெரியும்? ஆறு இணைதிறன் குரோமியம் கொத்தனார்களின் கைத்தோலைப் புண்ணாக்குகிறது என்பதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் அதன் கரையும் அளவைப் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியது.

இவ்வளவு கட்டுப்பாடு விதித்தால் தொழில் நசியும் என்ற அச்சம் நியாயமானது. இந்த வட்டாரத்தின் அடுப்பெரிவது தோலால்தான். ஆனால் குரோமிய மீட்பு புதிய வித்தை இல்லை. குரோம் டிரம்மின் நீரை மற்ற கழிவோடு கலக்காமல் தனியே எடுத்து, மக்னீசியம் ஆக்சைடு இட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கே போகும். வாங்கும் குரோமியத்தின் செலவும் குறையும். அதன் பிறகு சேரும் கசட்டை, கம்பி இல்லாத கல்லுக்கு மட்டும், குடிநீர்க் கிணறுகளிலிருந்து விலகிய ஆலை வளாகங்களுக்குள் பயன்படுத்திப் பார்க்கலாம். பச்சைத் தோல் கெடாமலிருக்க இடும் உப்பு கழிவோடு வருவதால், அதன் குளோரைடு கம்பியை அரிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், ஐயமிருந்தால் முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தோல் ஆலைக் கழிவால் மாசுபட்ட பாலாற்றுக்குச் சொன்ன அந்த நீதி கான்கிரீட் கல்லுக்கும் பொருந்தும். ஒவ்வொரு தொகுதிக் கல்லின் மூலக் கசடு, சோதனை முடிவு, பதித்த இடம் மூன்றையும் ஆலைகளின் செலவில் பதிவேட்டில் எழுதி, நகராட்சியில் எவரும் கேட்டுப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.