இறக்கத்தின் இரு நெறிகள்

பதுளை வீதியில் கொழுந்து மூட்டைகளைச் சுமந்து ஏறும் லொறியின் முனகலைக் கேட்டுப் பழகாத செவி ஊவாவில் இல்லை. ஏற்றம் கடுக்கக் கடுக்கச் சாரதி கியரைக் குறைக்கிறார். எஞ்சின் விரைந்து சுழல, சக்கரம் மெல்ல உருள்கிறது. வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கும் இப்பண்டமாற்றே பற்சக்கரப் பெட்டியின் தொழில்.

2025 நவம்பரில் டித்வா சூறாவளியால் மண் சரிந்து மலைநாட்டுப் பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, நிவாரணப் பணியில் எம்.ஐ.-17 ஹெலிகொப்டர்களும் ஈடுபட்டன. அவற்றினுள்ளும் பற்சக்கரப் பெட்டி உண்டு. ஆனால், விமானி மாற்றுவதற்கு அங்கே கியர்கள் இல்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,000 முறை சுழலும் எஞ்சின் தண்டின் வேகம், ஒரே விகிதத்தில் 78இல் ஒரு பங்காகக் குறைந்து, மேலுள்ள பெருவிசிறியை 192 முறை சுழற்றுகிறது. விசிறி தளர்ந்தால் தாங்கும் வலு குன்றும்; மிகுந்தால் அலகுகளின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கித் தொல்லை தரும். ஆதலின் ஏறினும் இறங்கினும் அதன் வேகம் பெரிதும் மாறுவதில்லை. அலகுகளின் சாய்வே மாறுகிறது.

இவ்விரண்டின் வேற்றுமை முழுதாய்த் தோன்றுவது இறக்கத்திலேதான்.

பறக்கையில் எஞ்சின் நின்றுவிட்டால் ஹெலிகொப்டர் கல்லைப்போல் விழுந்துவிடுவதில்லை. மிதியை நிறுத்திய பின்னும் சைக்கிள் சக்கரம் உருளுகிறதல்லவா? அதுபோன்றதோர் அமைப்பு, விசிறியை எஞ்சினிலிருந்து தானே விடுவிக்கிறது. விமானி உடனே அலகுகளின் சாய்வைக் குறைக்க, கீழிருந்து எதிர்வரும் காற்றே விசிறியைச் சுழற்றுகிறது. தரையை நெருங்குகையில் சாய்வை மிகுத்து, அந்தச் சுழற்சியின் வலுவைக் கொண்டு அவர் மெல்ல இறக்க முயல்கிறார்.

மலைப்பாதை வாகனத்துக்கோ நெறி நேர்மாறு. கீழ்க்கியரில் இறங்கும்போது எஞ்சினே சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விட்டால், பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். அது சூடேறிப் பிடியை இழக்கும். மிச்சமும் வெறுங்கனவே. இக்கால எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், கியரிலிருக்கையில் அழுத்தியிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் தானாக நின்றுவிடுகிறது.

2025 செப்டெம்பர் 4ஆம் நாள், எல்ல–வெல்லவாயா வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்கள் மாண்டன. அதன் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று. நம் வீதிகளின் இறக்கம் எத்தகையது என்பதை மறவாதிருப்பதே வேண்டுவது.

வானில், விடுபடுதல் உயிர் காக்கும். மலைப்பாதையில், பிணைந்திருத்தலே உயிர் காக்கும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைச் சாரதிகளின் பழைய விதி. இக்கால வாகனங்களுக்கோ, ஏறிய கியரினும் தாழ்ந்த கியர் இறக்கத்தில் வேண்டியிருக்கலாம்.