நரம்பும் நாமும் – 14: மெட்ராஸ் பெயர் தாங்கிய நோய்

ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள் என்று சென்ற வாரம் பார்த்தோம். 21 வயதில் நோய் கண்டு 76 வயதுவரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு விதிவிலக்கு. ஆனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோயில் நீண்ட காலம் வாழ்வதுதான் வழக்கம். அதை முதலில் பிரித்து அடையாளம் கண்டது நம் மெட்ராஸில்.

1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூன்று மருத்துவர்கள், இங்கே இளவயதினருக்கு வரும் இயக்க நரம்பணு நோயின் போக்கே வேறு என்று 'நியூராலஜி இந்தியா' இதழில் எழுதினார்கள். மூன்றாமவர், இந்திய நரம்பு அறுவை சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான பி.ராமமூர்த்தி. 1996-ல் ஊரின் பெயர் சென்னை ஆனது. நோய் மட்டும் இன்றும் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'தான்.

ஏ.எல்.எஸ். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. மெட்ராஸ் நோயோ பள்ளி, கல்லூரி வயதில் தொடங்குகிறது. ஒல்லியான பையனுக்கோ பெண்ணுக்கோ கை சூம்புகிறது. பேச்சு மூக்கால் வருகிறது. முகத் தசையும் நாக்கும் வலுவிழக்கின்றன. பலருக்கு இரு காதும் மந்தமாகின்றன. இந்தக் காது மந்தம்தான் முக்கியமான தடயம், ஏ.எல்.எஸ்.ஸில் அது கிடையாது.

தடயம் தவறிப்போவதும் அங்கேதான். தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காது கேட்கவில்லை என்றால் ஈ.என்.டி. டாக்டர், கை சூம்பினால் எலும்பு டாக்டர். இரண்டு ஃபைலும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. கடைசியில் மின்சார ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே இருக்கும் ஜி.ஹெச். நரம்பியல் பிரிவுக்குப் போகும்போதுதான் இரண்டையும் ஒருவரே சேர்த்துப் பார்க்கிறார்.

சரி, எத்தனை நாள் வாழலாம்? அரிய நோயில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிதல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸில் ஏ.நளினி குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 116 பேர். அவர்களைச் சேர்க்க 1971 முதல் 2007 வரை, 36 ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே சிகிச்சைக்கு வருவதை நிறுத்தியவர் இறந்தாரா, கல்யாணமாகி வேறு ஊர் போனாரா என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஆகவே, கடைசியாகப் பார்த்த நாள்வரை அவர் உயிரோடிருந்தார் என்று மட்டும் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கே வராதவர்களை எந்த முறையாலும் எண்ண முடியாது. இந்தக் குறைகளோடு பார்த்தாலும் படம் தெளிவு: நோய் மெதுவாக நகர்கிறது, பலர் பத்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

யாருக்கு வரும் என்பது இன்னும் புதிர். நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், கேரளத்தைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் மண்ணா, தண்ணீரா, உணவா? பசிபிக்கில் குவாம் தீவின் சமோரோ மக்களிடையே 1950-களில் ஏ.எல்.எஸ். உலகின் பிற பகுதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. சைகஸ் கொட்டை மாவைச் சந்தேகித்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. நோயோ அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓர் ஊரில் நோய் கூடியிருப்பது விசாரணையின் தொடக்கம் மட்டுமே. நம் நோயில் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வந்திருப்பதால் மரபணுவையும் விட்டுவிட முடியாது. ஆனால், பெரும்பாலோருக்கு அப்படிக் குடும்ப வரலாறு கிடையாது.

மரபணு வழியில் ஒரு கதவு தட்டப்பட்டது. காது மந்தமும் முகத் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வரும் பிரவுன்–வியலெட்டோ–வான் லேர் என்ற நோய்க்குக் காரணம், உடலுக்குள் வைட்டமின் பி2-வைக் கடத்தும் மரபணுக்களின் பழுது என்று 2010 முதல் தெரியவந்தது. அதிக அளவில் அந்த வைட்டமினைக் கொடுத்தால் பலர் தேறுகிறார்கள். மெட்ராஸ் நோயும் இதுதானோ? நளினியும் லண்டன் ஆய்வாளர்களும் தேடினார்கள். இரண்டும் வேறு என்று 2013-ல் அறிவித்தார்கள். மெட்ராஸ் நோய்க்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து இல்லை.

ஆனாலும் அந்த ஆய்வு நோயாளிக்கு ஒரு பாடம் தருகிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்றுக்கு மருந்து உண்டு. எனவே, இளவயதில் கை சூம்பி, காதும் மந்தமானால், ஃபைலில் 'எம்.என்.டி.' (மோட்டார் நியூரான் நோய்) என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததுமே இணையத்தில் ஆயுளைத் தேடாதீர்கள். காது பரிசோதனை முடிந்ததா, பி2 கடத்தல் குறைபாட்டு நோய் இல்லை என்று உறுதியாயிற்றா என்று நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நோய் மாறாவிட்டாலும், வருடம் ஒருமுறையாவது அதே மருத்துவமனைக்குப் போய்வாருங்கள். அடுத்து வரும் நோயாளிக்கு மருத்துவர் சொல்லப்போகும் ஆயுள் கணக்கு, உங்கள் வருகையிலிருந்துதான் உருவாகிறது.

(தொடரும்)