வீழ்த்தியவர் கணக்கும் வீழ்ந்தவர் கணக்கும்

திருகோணமலை சீனன்குடாவில், எண்ணெய்க் குதங்களின் நடுவே எரிந்து உருகிப்போன ஒரு குதத்தின் எச்சத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் வந்து விழுந்ததாகவும், தீ பல நாட்கள் எரிந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். விமானத்தில் இருந்த மூவரும் வேண்டுமென்றே மோதினார்கள் என்பது ஒரு சாராரின் வாதம். அடிபட்ட விமானம் தற்செயலாக அங்கே விழுந்தது என்பது மறுசாராரின் வாதம். இணையத்தில் தேடினால் மூவரின் பெயர்களும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்திலுள்ள எழுத்துக்கூட்டல் மறுபக்கத்தில் இல்லை.

லா சப்பலில் நண்பர்களிடையே இது வாக்குவாதமாக எழுந்தபோது இரு தரப்பாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: ‘ஆவணம் இருக்கிறது.’ ஆவணம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? அது யாரால், எதற்காக, எப்போது எழுதப்பட்டது? போர்க்கால விமானிகளின் பதிவுகளை முன்வைத்து இக்கேள்விகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

பிரித்தானிய விமானப்படையை எடுத்துக்கொள்வோம். ஒரு விமானியைப் பற்றி ஒன்றல்ல, குறைந்தது ஐந்து வகைப் பதிவுகள் உண்டு. முதலாவது அவரது சேவைக் கோப்பு: பிறந்த திகதி, பதவி, இடமாற்றம், மருத்துவ நிலை. சம்பளமும் நியமனமும் அதன் தேவை. இரண்டாவது, விமான அணி ஒவ்வொன்றும் வைத்திருந்த நடவடிக்கைப் பதிவேடு. அன்றன்று யார் பறந்தார், எப்போது இறங்கினார் என்பதை அணியில் ஒருவர் எழுதினார். மூன்றாவது, தரையிறங்கியதும் விமானி கொடுக்கும் சண்டை அறிக்கை. நான்காவது, அரச வர்த்தமானியில் வெளியாகும் விருது அறிவித்தல். ஐந்தாவது, கல்லறைப் பதிவேடு. இந்த ஐந்தையும் சமமான சாட்சிகளாக எண்ணுவதிலிருந்தே இணையத்து வாக்குவாதங்களில் பாதி பிறக்கிறது. சேவைக் கோப்பு வீரத்தைச் சொல்லாது. விருது அறிவித்தல் தயக்கத்தைச் சொல்லாது.

நான் ஒருகாலத்தில் வரலாறு கற்பித்தவன். இன்று பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்பவன். விரிவுரை மண்டபத்தில் ‘மூலாதார விமர்சனம்’ என்று கடினமான பெயரிட்டுச் சொன்னதைத் தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் அறிவான். பகல் முறை தான் கட்டிய பொதிகளின் தொகையை எழுதிவைக்கிறது. இரவு முறையும் எழுதுகிறது. முறை மாறும் வேளையில் பாதி கட்டிய பொதியை இரு முறையாரும் தமதென்று எழுதிவிடுவதுண்டு. எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் களஞ்சியத்தில் எண்ணிப் பார்க்கும்போது தொகை குறைகிறது. அங்கே இரு முறையாரின் தாள்களையும் கூட்டிப் பார்த்துப் பயனில்லை. களஞ்சியக்காரனின் தாளைத்தான் கேட்கவேண்டும்.

விமானப் போரிலும் இதுவே நடந்தது. பாரிசுக்கு வடக்கே, லான்ஸ் நகருக்கு அருகிலுள்ள எஸ்த்வெல் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் இந்திரலால் ராய் புதைக்கப்பட்டிருக்கிறார். 1898இல் கல்கத்தாவில் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் பிரித்தானியரின் 40ஆவது விமான அணியில் பறந்து, 1918 யூலை 22ஆம் திகதி, இருபது வயது நிறையுமுன் கொல்லப்பட்டார். அவர் வீழ்த்திய விமானங்கள் எத்தனை? விருது அறிவித்தல் பதின்மூன்று நாட்களில் ஒன்பது என்கிறது. பின்னாளில் தொகுக்கப்பட்ட பட்டியல்கள் பத்து என்கின்றன. ஒன்பதா பத்தா என்று சண்டை பிடிப்பவர்கள் அந்தப் பத்து எதனால் ஆனது என்று பார்ப்பதில்லை. ஐந்து ‘அழிக்கப்பட்டவை’. மற்ற ஐந்து ‘கட்டுப்பாடிழந்து கீழே சென்றவை’, அதாவது சுழன்றபடி கீழே போவது கண்ணில் பட்டவை. ஒவ்வொரு ஐந்திலும் ஒன்று வேறொருவருடன் பங்கிட்டது. சுழன்றபடி முகிலுக்குள் மறைந்த விமானம் தரையில் மோதியதா, நிமிர்ந்து தன் தளத்துக்குத் திரும்பியதா என்பது மேலிருந்தவருக்குத் தெரியாது. அது ஜேர்மானியரின் புத்தகத்தில்தான் இருக்கும்.

பங்கிடும் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. முதலாம் போரில் பிரெஞ்சுக்காரர் ஒரு விமானத்தை மூவர் சேர்ந்து வீழ்த்தினால் மூவருக்கும் முழுதாக ஒவ்வொன்று எழுதினார்கள். இரண்டாம் போரில் பிரித்தானியர் அரை, கால் என்று பிரித்தார்கள். ஆகவே இரு நாட்டு விமானிகளின் எண்களை ஒரே அட்டவணையில் போட்டு ‘யார் பெரியவர்’ என்று கேட்பது, படியையும் பக்காவையும் கலந்து நெல் அளப்பது போன்றது.

இனி நமது தீவுக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்து சண்டையிட்டன. விமானிகளும் தரையிலிருந்த பீரங்கியாளரும் சேர்ந்து, தாம் வீழ்த்தியவை இருபதுக்கும் மேல் என்றார்கள். யப்பானியக் கடற்படையின் சொந்த இழப்புக் கணக்கில் அன்று திரும்பி வராதவை ஏழு. மறுபுறம் யப்பானிய விமானிகள் தாம் வீழ்த்தியதாகச் சொன்ன தொகையும் பிரித்தானியரின் உண்மையான இழப்பைவிட மிக அதிகம்.

இரு தரப்பாரும் பொய்யர்களா? அவ்வாறு சொல்வது எளிது, ஆனால் பிழை. மணிக்கு நானூறு ஐந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் சண்டை சில நிமிடங்களில் முடிகிறது. ஒரே விமானத்தை மூவர் சுடுகிறார்கள். மூவரும் அது விழுவதைக் காண்கிறார்கள். தரையிலிருந்த பீரங்கியாளர் அதையே தமது என்கிறார்கள். எந்திரத்தை முழு வேகத்துக்குத் திருப்பும்போது எழும் கரும்புகை தீப்பிடித்ததுபோலத் தெரிகிறது. சுட்டவர் நின்று பார்ப்பதில்லை. நின்றால் அவர் செத்துப்போவார். இவ்வளவும் கழிந்து அவர் இறங்கியதும், மேலதிகாரிக்கு ஒரு எண் தேவைப்படுகிறது. மறுநாள் பத்திரிகைக்கும் ஒரு எண் தேவைப்படுகிறது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரு தரப்பின் இழப்பை அந்தத் தரப்பின் புத்தகத்திலேயே தேடவேண்டும். இழந்தவனுக்குக் கணக்குத் தவறினால் மறுநாள் வேலை நடக்காது. புதிய விமானம் கேட்கவேண்டும், இறந்தவரின் குடும்பத்துக்கு எழுதவேண்டும், சம்பளத்தை நிறுத்தவேண்டும். வீழ்த்தியவனுக்கு இத்தகைய கட்டாயம் எதுவுமில்லை. முன்பு மறுதரப்பின் புத்தகத்தைப் பார்க்க ரோக்கியோவுக்கோ லண்டனுக்கோ போகவேண்டியிருந்தது. 2001 முதல் யப்பானிய அரசின் ஆவணங்கள் பெருமளவில் இணையத்தில் திறந்திருக்கின்றன. பிரித்தானியரின் விமான அணிப் பதிவேடுகளும், பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள முதலாம் போர் விமானிகளின் கோப்புகளும் அவ்வாறே. இணையம் செய்த பெரிய நன்மை எதிரெதிர்ப் புத்தகங்களை ஒரே மேசையில் விரிக்க விட்டதுதான்.

அதன் தீமையும் உண்டு. பழைய நூல் ஒன்றிலுள்ள பிழையை ஒருவர் ஏற்றுகிறார். இருபது பேர் பிரதி பண்ணுகிறார்கள். இருபது பக்கங்கள் ஒன்றையே சொல்கின்றன என்பது இருபது சாட்சிகள் என்று ஆகாது. ஒரு சாட்சியும் பத்தொன்பது எதிரொலிகளும்தான். எண்ணெய்க் குதத்து விமானிகளின் பெயர்களுக்கும் இதே கேள்வியைப் போடவேண்டும்: யப்பானிய எழுத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து எழுதினாரா, இன்னொரு ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து எழுதினாரா?

இழந்தவரின் புத்தகமும் முழுமையானதல்ல. இங்கே பாரிசோடு சேர்ந்த ஒரு வழக்கு இருக்கிறது. சுரேன் நகரில் வளர்ந்த நூர் இனாயத் கான் பிரித்தானிய விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து, 1943 யூனில் வானொலித் தொடர்பாளராக இரகசியமாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஒக்ரோபரில் பாரிசில் பிடிபட்டார். போர் முடிந்தபின் காணாமற்போன பெண்களைத் தேடிய வேரா அட்கின்ஸ், 1944 யூலை 6ஆம் திகதி நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்ட நால்வரில் ஒருவர் நூர் என்று, கண்டவர்களின் அடையாள விவரணையைக் கொண்டு முடிவு செய்தார். பின்னர் வேறு சாட்சியங்கள் வந்தன. நூர் அந்த யூலையில் உயிரோடிருந்தார். செப்ரெம்பர் 13ஆம் திகதிதான் டஹாவ் முகாமில் கொல்லப்பட்டார்.

அப்படியானால் நாட்ஸ்வைலரில் இறந்த நான்காவது பெண் யார்? அவர் பெயர் சோனியா ஒல்ஷனெஸ்கி. ஜேர்மனியில் பிறந்து பாரிசில் வளர்ந்த யூதப் பெண். இங்கேயே சேர்க்கப்பட்டவர் என்பதால் லண்டனின் புத்தகத்தில் அவருக்குக் கோப்பு இருக்கவில்லை. புத்தகத்தில் உள்ள பெயர்களுக்குள்ளேயே தேடியவர்கள் புத்தகத்தில் இருந்த ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். ஒருவரின் பிழையான மரணம் திருத்தப்பட்டபோதுதான் இன்னொருவரின் உண்மையான மரணத்துக்கு இடம் கிடைத்தது. துல்லியம் என்பது எண் விளையாட்டு என்று ஏளனம் செய்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

யாருக்குக் கோப்பு இருந்தது, யாருக்கு இல்லை என்பது தற்செயலானதல்ல. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்கரில் குறைந்தது 116,000 பேர், 350,000 பேராகவும் இருக்கக்கூடும், பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவேயில்லை என்று ஒப்புக்கொண்டது. பெயர் எழுதப்பட்ட இடத்திலும் சிக்கல் தீரவில்லை. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, ஊர்ப் பெயர் தன் பெயராகிவிட்ட கோப்புகள் எப்படியிருக்கும் என்பதை இந்நாட்டு அட்டைகளைப் பையில் வைத்திருக்கும் நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது நமது கணக்குகள். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு முதல் நாட்களில் 65 பேர் இறந்ததாக அறிவித்தது. பின்னர் வந்த கணக்குகள் நூற்றிருபதைத் தாண்டி நூற்றைம்பதை நெருங்குகின்றன. ஒரு எண்ணை மட்டும் தெரிந்தெடுத்து மற்றதை மறைப்பவர் எந்தப் பக்கத்தவராயினும் நமக்கு உதவமாட்டார். முதல் எண் முதல் நாட்களின் எண். காயப்பட்டு வைத்தியசாலையில் இறந்தோரும் பிறகு எடுக்கப்பட்ட உடல்களும் அதில் எப்படி இருக்கமுடியும்? இரண்டையும் திகதியோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் முரண்பாடு குறைகிறது, நம்பகம் கூடுகிறது. இங்கே இழந்தவரின் புத்தகம் பங்கின் மரணப் பதிவேடும், வைத்தியசாலைப் பதிவும், குடும்பங்கள் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டுகளும்தான். ஊர்க் கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் ‘நூலகம்’ திட்டத்தினர் இணையத்தில் ஏற்றிவருவதை நான் இக்காரணத்தாலேயே பெரிய பணியாகக் கருதுகிறேன்.

போரின் இரு தரப்பாரும் விமானிகளின் வழக்கத்தையே பின்பற்றினார்கள். தம் இழப்பைப் பெயர், ஊர், திகதியோடு எழுதினார்கள். எதிரியின் இழப்பை வெறும் எண்ணாக எழுதினார்கள். இரு புத்தகங்களிலும் இடமில்லாதவர்களும் இருக்கிறார்கள். 1986இல் கொல்லப்பட்ட ரெலோ இளைஞர்களைக் கொன்றவர்கள் தம் இழப்பாக எழுதவில்லை, அரசும் எழுதவில்லை. அத்தொகை இன்றும் ஆளுக்கொன்றாக இருக்கிறது. சோனியாவின் நிலை அவர்களுக்கு நேரக்கூடாது.

‘தொகையைக் கேள்வி கேட்பது எதிரிக்கு உதவுவதாகாதா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான அச்சம். ஆனால் ஏழு விமானங்கள் என்று தெரிந்ததால் 1942இல் கொழும்பைக் காத்து இறந்த விமானிகளின் மதிப்புக் குறையவில்லை. இருபதுக்கும் மேல் என்ற எண்ணைச் சொன்ன செய்திகளின் மதிப்புத்தான் குறைந்தது. நம்மிடமுள்ள எண்களில் ஒன்று பிழையென்று நாளை எதிரி நிரூபித்தால், சரியான மற்ற எண்களையும் அவன் அதோடு சேர்த்து எறிவான். அதை நாமே முன்கூட்டித் திருத்துவதுதான் பாதுகாப்பு.

எனவே, எண்ணெய்க் குதத்தைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். அன்று எந்தக் கப்பலிலிருந்து எழுந்த எந்த விமானம் திரும்பவில்லை, அதில் இருந்தவர் யார் என்பது யப்பானியரின் இழப்புப் புத்தகத்தில் தேடவேண்டிய செய்தி. அவர்கள் வேண்டுமென்றே மோதினார்களா என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கமுடியாது. எழுதக்கூடியவர்கள் மூவரும் இறந்துவிட்டார்கள். தற்கொலை விமானத் தாக்குதலை யப்பானியர் ஒரு முறையாக ஒழுங்குபடுத்தியது 1944 ஒக்ரோபரில். பிந்தியதன் பெயரை முந்தியதற்குச் சூட்டும்போது நாம் வரலாறு எழுதவில்லை, நமது விருப்பத்தை எழுதுகிறோம்.

சஞ்சிகைகளிலும் இணையத்திலும் நம்மவர் பட்டியல்களைத் தொகுக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார், கண்டவரா கேட்டவரா, எந்தத் திகதியில் சொன்னார் என்பதை எழுதுங்கள். பெயரை முதலில் கிடைத்த எழுத்துக்கூட்டலிலேயே வைத்துக்கொண்டு திருத்தத்தை அதனருகே போடுங்கள். பழைய எண்ணை அழிக்காமல், ஏன் மாற்றினோம் என்பதைத் திகதியிட்டு எழுதுங்கள். இவற்றுக்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை; ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.